நாற்பத்தொரு சதவீதம்

மணமகள் ஆட வருவாள்.
மாமன்மார் நைரா நோட்டுகளை
ஒவ்வொன்றாக அவள் நெற்றியில் வைத்து உதிர்ப்பார்கள்.
காமிரா மெல்ல அவளைச் சுற்றும்.
நான் சேர்த்த பொன்துகள்கள் மேலிருந்து இறங்கும்.
அந்த இடத்தில்
கணினி செத்துப்போகும்.

நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை.
ஒரு டிக்.
பிறகு விசிறி சுற்றி ஓயும் சத்தம்.
எப்போதும் நாற்பத்தொன்றில்.

வெப்பம் என்றேன். மூடியைக் கழற்றி
போர்ட் ஹார்கோர்ட்டின் கரிப்புகையை
பழைய பல்துலக்கியால் சுரண்டினேன்.
சுண்டுவிரல் நகத்தில் இன்னும் கறுப்பு.
டிரைவர் என்றேன், அழித்துப் போட்டேன்.
மின்சாரம் என்றேன். ஆனால் அன்றிரவு
ஜெனரேட்டர் சீராகத்தான் இருமிக்கொண்டிருந்தது.
பக்கத்து வீட்டு போமாகூட இஸ்திரி போடவில்லை.

இபினாபோவின் தாய் நாலு முறை அழைத்துவிட்டாள்.
கல்யாணம் முடிந்து ஏழு வாரம்.
இதற்குள் மணமகள் இரண்டு தடவை
கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்து
திரும்பிப் போயிருக்கிறாள்.
வீடியோவில் இன்னும் ஆடி முடிக்கவில்லை.

கடைசியில் கைவைத்தது
யாரும் பார்க்காத பெட்டியின் மேல்.
மூலையில், கீழே, நாலு திருகாணிக்குள்.
பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஐந்நூறு வாட்.
தூக்கினால் காலி பிஸ்கட் டின்.
அடியில் பொடி எழுத்து: பன்னிரண்டு வோல்ட்டுக்கு நேரே
இருபத்திரண்டு ஆம்பியர்.
பெருக்கினேன்.
இருநூற்று அறுபத்து நாலு.

மிச்சம் எங்கே?
ஸ்டிக்கரில்.

இபினாபோவின் அழைப்பிதழ் முதுகில் எழுதினேன்:
பிராசசர் முழுமூச்சில் நூற்று நாற்பது.
கிராபிக்ஸ் அட்டை இருநூற்று இருபது.
போர்டும் மெமரியும் ஐம்பது, டிஸ்க் இரண்டுக்கும் பதினைந்து,
விசிறிகள் சேர்ந்து பத்து.
நானூற்று முப்பத்தைந்து.
இது நடக்கும்போது. துள்ளும்போது கணக்கே வேறு.
பொன்துகள் கொட்டும் அந்தக் கணத்தில்
அட்டை ஓர் இமைப்பொழுதுக்கு
இரட்டிப்பாய்க் கேட்கும்.
கிடைக்காவிட்டால் கெஞ்சாது,
எல்லாமே படுத்துவிடும்.

காரிசன் சந்திப்பில் எஜிகே
ஆயிரம் வாட்டை மேசையில் வைத்தான்.
"பெரிசா வாங்கிடு அக்கா, பயமே இல்லை."
அடுத்த கடைக்காரன் எட்டிப் பார்த்து
"ஆயிரமா! உன் ஜெனரேட்டரையே குடிச்சிடும்" என்றான்.
இரண்டு பேர் சொன்னதும் தப்பு.
பெட்டி தானாக எதையும் குடிப்பதில்லை.
கேட்டதை அளந்து ஊற்றும்,
கொஞ்சம் சிந்தும். சிந்துவதுதான் சூடு.
ஆனால் ஆயிரத்தின் விலை
எனக்கு இரண்டு கல்யாணத்துக் கூலி.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்.
வீக்கம் விற்க ஊரெல்லாம் கடை.
விரலை நாம்தான் அளந்துகொண்டு போகவேண்டும்.

அறுநூற்றைம்பது கேட்டேன்.
மூன்றை வரிசையாக வைத்தான்.
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.
"கிழங்கு வாங்கவா வந்தே?" என்று சிரித்தான்.
கனத்ததன் பொடி எழுத்தைப் படித்தேன்:
ஐம்பத்து நாலு ஆம்பியர்.

இரவு பத்தரை. டாங்கியில் இரண்டு லிட்டர்.
போமாவிடம் சொல்லி வைத்தேன்,
இன்று உன் சட்டை சுருக்கத்தோடு இருக்கட்டும்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நாற்பதில் கால்களை நாற்காலிமேல் இழுத்துக்கொண்டேன்,
ஏதோ வெடிக்கப்போவதுபோல.
நாற்பத்தொன்று.
பொன் இறங்கியது.
விசிறி ஒரு கட்டை சுருதி ஏறி
அங்கேயே நின்று பாடியது.
நாற்பத்திரண்டு.

ஏழு வாரமாக இதே இடத்தில் முட்டி நின்றதில்
இதற்கப்பால் என்ன எடுத்தேன் என்பதே
மறந்து போயிருந்தது.
மணமகன் குனிந்திருக்கிறான்.
அவள் காலடியில் விழுந்த நோட்டுகளைப் பொறுக்கி
எண்ணிக்கொண்டிருக்கிறான்.
அவள் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள்.

வெட்டலாமா என்று யோசித்தேன்.
நாற்பத்தேழு.
பெட்ரோல் இருந்தது.
ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.